கரண்டு போனால் கலைவாணி பேர்

பிச்சாட்டூர்க் கலைவாணி என் விடுதி அறைத்தோழி. கூலி வேலை செய்கிற வீட்டிலிருந்து படித்து வந்தவள். திருப்பதியில், லாட்ஜ்களுக்கு அறை பதியும் மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனியில் வேலை. அவள் சம்பளத்தில்தான் ஊரில் உலை கொதித்தது.

அந்த ஆபீசில் ஒரே ஒரு கணினிக்குத்தான் யூ.பி.எஸ். அது இவளுடையது. மின்வெட்டு வந்தால் எல்லோரும் அதில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நிரலில் யார் எந்த வரியை எழுதினார் என்பதை ‘கிட்’ என்கிற மென்பொருள் குறித்துவைக்கும். இவள் கணினியில் யார் அடித்தாலும் இவள் பேர்தான் விழும். “பேர மாத்திட்டு உக்காருங்கப்பா!” என்று கத்துவாள். முதலாளி வரதராஜன் சிரிப்பார். “விடும்மா, எல்லாம் ஒரே குடும்பந்தானே!”

நாசமாய்ப் போன குடும்பம்.

கூட வேலை செய்த வேங்கடேஷ் அமெரிக்கா போனான். அவன் போன கையோடு, ஒரே அறை இரண்டு குடும்பங்களுக்குப் பதிவாக ஆரம்பித்தது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் கைக்குழந்தையோடு லாட்ஜ் வாசலில் நின்றார்கள். லாட்ஜ்காரர் குதித்தார். தப்பான வரியில் கலைவாணி பேர் இருந்தது. “நாளையிலேர்ந்து வர வேணாம்மா” என்றார் வரதராஜன்.

அவள் விடவில்லை. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அது வேங்கடேஷ் தனியாகப் பிரித்து வேலை செய்த கிளையிலிருந்து வந்தது. கிளம்பும் அவசரத்தில் அவனே அதை மொத்த வேலையோடு இணைத்திருக்கிறான். வரி எழுதிய தேதியைப் பார்த்தாள். அன்று ஊரில் அம்மன் ஜாத்திரை. இவள் பிச்சாட்டூரில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“சார், அன்னிக்கி நான் ஊர்ல இருந்தேன். என் மெஷின்ல அடிச்சது வேங்கடேஷ். லீவு குடுத்ததே நீங்கதான்.”

“தெரியும்மா” என்றார். தெரியுமாம்! “அவன்தான் அங்கேர்ந்து நமக்கு வேலை அனுப்பறான். அவனைப் பகைச்சுக்க முடியுமா? லாட்ஜ்காரருக்கு யாரையாவது காட்டணும். போறதுக்கு முன்னாடி அதைச் சரிபண்ணிட்டுப் போ.”

சரிபண்ணினாள், பைத்தியக்காரி. “கொயந்தய வச்சிக்கினு வாசல்ல நிக்கிறாங்கடி, அவங்க இன்னா பண்ணாங்க?” என்று என்னிடம் அழுதாள். எழுந்திருக்கும் முன் கணினியில் தன் பேரை அழித்து, இனி அதில் யார் அடித்தாலும் விழட்டும் என்று வரதராஜன் பேரைப் போட்டுவிட்டு வந்தாளாம். போடட்டும். போன வேலை வந்துவிடுமா?

மறுநாள் மத்தியானம் அறையில் சும்மா படுத்திருந்தாள். ஊரிலிருந்து அவள் அப்பா போன் பண்ணினார்.

“ஆபீஸ்லதான் கீறேன், நைனா” என்றாள். “கரண்டு இல்ல. அதான் சும்மா குந்திக்கினு கீறேன்.”