மதினிக்கு எழுதிய ஜோம்பி விதிகள்

அண்ணனின் பிரவுசிங் சென்டர் கோவில்பட்டி மெயின் ரோட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போவான். நாலு மணிக்கு வந்து தூக்குவான். இடையில் கம்ப்யூட்டர்களைத் திறந்து கரிசல் தூசியைத் துடைப்பது என் வேலை. இன்ஜினியரிங் முடித்து வேலைக்குக் காத்திருந்த காலம். தூசியெல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் நானும் அண்ணன் மனைவியான மதினியும் என் தோழியும் ஜோம்பி சுட்டோம்.

நாலு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம். செத்து எழுந்தவர்கள் கூட்டமாக ஓடி வருவார்கள். ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு கடைசியில் ஹெலிகாப்டரில் ஏற வேண்டும். நாங்கள் மூன்று பேர்தான். நாலாவது ஆளாகக் கம்ப்யூட்டரே ஆடும். வாய் திறக்காமல் கூடவே வரும் அவரை மதினி "அண்ணாச்சி" என்றுதான் அழைப்பார்.

ஒரு வாரம் அண்ணன் சீக்கிரமே வந்து எங்களைப் பிடித்துவிட்டான்.

"ஒரு தடவையாவது முடிச்சிருக்கீங்களா? செத்துச் செத்து வெளையாடுததுக்கு எதுக்கு கரண்டு?"

"அடுத்த வாரம் முடிப்போம்" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"அப்ப கேட்டுக்கோ. நான் ஷட்டரத் தூக்குறதுக்குள்ள நாலு பேரும் உசுரோட ஹெலிகாப்டர்ல ஏறியிருக்கணும். ஏறிட்டா ஞாயித்துக்கெழம மதியம் பூரா உங்களுக்கு. இல்லன்னா அன்னைக்கோட சரி."

வாரம் முழுக்க மாமனார் மாத்திரை, மாமியார் கசாயம், துணிமூட்டை என்று ஓடிய மதினிக்கு அந்த இரண்டு மணி நேரத்தை விட மனமில்லை. "விதி எழுதிக் குடு, படிச்சுக்கிடுதேன்" என்றார்.

தோழி தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதினாள். அச்சுப் பிசகிய லேபிள் தாள்களைக் கொண்டுவந்தாள். அவற்றின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒன்று, யாரும் தனியாக முன்னால் ஓடக் கூடாது. இரண்டு, குண்டு தீரும்வரை காத்திராமல், சற்று ஓய்வு கிடைத்ததும் நிரப்பிக்கொள்ள வேண்டும். மூன்று, கூட நிற்பவர் முதுகில் சுடக் கூடாது. இது முழுக்க முழுக்கத் தோழிக்காக. நாலு, அடிபட்டவர் மருந்துப் பெட்டியை உடனே பயன்படுத்த வேண்டும், உபசாரம் கூடாது. முந்தின வாரம் "நீ போட்டுக்கோ", "இல்ல மதினி, நீங்க போடுங்க" என்று ஆளுக்கொரு பெட்டியை முதுகில் வைத்துக்கொண்டே மூவரும் செத்திருந்தோம்.

ஐந்தாவது விதிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். பாதுகாப்பு அறைக்குள் நுழைந்ததும் கதவை அடைக்க வேண்டும். மதினி அடைக்கவே மாட்டார். ஆட்டத்தில் எப்போதும் அந்தி வெளிச்சம்தான்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல வாசக்கதவ அடைச்சா வீடு வெளங்குமாட்டி?"

"மதினி, அது வீடு இல்ல. வாறது லட்சுமியும் இல்ல!"

அந்த ஞாயிறு நாங்கள் பறந்தோம். தோழி என்னை இரண்டே முறைதான் சுட்டாள். மதினி ஒவ்வொரு கதவாக, கன்னத்தில் போட்டுக்கொண்டு அடைத்தார். நாலு மணிக்குச் சற்று முன்னால் ஹெலிகாப்டர் இறங்கியது. நான் ஏறினேன், தோழி ஏறினாள், மதினியும் ஏறிவிட்டார்.

"அண்ணாச்சி எங்க?"

அவர் தூரத்தில் விழுந்து கிடந்தார், சுற்றிலும் ஜோம்பிகள்.

"மதினி, அது வெறும் கம்ப்யூட்டரு! இறங்காதீங்க!"

"நாலு பேருன்னுதான ஒங்க அண்ணன் சொன்னாவ?"

பட்டியல் போட்ட நான் அவரைக் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை. மதினி குதித்துவிட்டார். அதே நேரம் ஷட்டர் கடகடத்தது. முழங்கால் உயரத்துக்கு வெயில் உள்ளே விழுந்தது. அண்ணன் குனிந்து நுழைந்தான்.

மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கதவ அடைங்க! உள்ள வந்துரும்!"

எது வரும் என்று கேட்காமல் அண்ணன் ஷட்டரை டமாலென்று இறக்கிவிட்டான். பிறகு திரையைப் பார்த்தான். "ஏட்டி, பின்னால வாரான் பாரு! தூக்கு அவர! ஓடு, ஓடு!" என்று எங்களைவிடச் சத்தமாகக் கத்தினான். மதினி அண்ணாச்சியைத் தூக்கி நிறுத்தி, சுட்டுக்கொண்டே கூட்டிவந்து ஏற்றினார். ஹெலிகாப்டர் எழும்பியது. தோழி மேசைமேல் குதிக்கப் போய் மவுஸோடு கீழே விழுந்தாள்.

அண்ணனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "மணி நாலு தாண்டிட்டு. செல்லாது."

"மணிய யாரு கேட்டா? ஷட்டரத் தூக்குறதுக்குள்ளன்னுதான சொன்னீய? பாருங்க, மூடித்தான் இருக்கு" என்றார் மதினி.

அண்ணன் ஷட்டரைப் பார்த்தான். வெளியே யாரோ அதைத் தட்டி, "அண்ணாச்சி, கடை உண்டா?" என்றார்கள். அவன் காலியாக இருந்த நாலாவது நாற்காலியை இழுத்தான்.

"சரி, ஜெயிச்சிட்டீங்க. அடுத்த வாரம் இதுல நான் உக்காரட்டுமா?"

"அங்கன ஏற்கெனவே ஆளு இருக்காவ" என்ற மதினி, தாளை எடுத்து ஐந்தாவது விதிக்கு எதிரே ஒரு டிக் போட்டார்.