டேங்க் பேக்கும் என் பின்னிருக்கையும்

நாட்குறிப்பு எழுதும் வழக்கம் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து உண்டு. சென்ற ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் பக்கங்களை இப்போது புரட்டினால், பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக் கட்டும் பை. கடைக்காரர்கள் டேங்க் பேக் என்பார்கள்.

வண்டி என்னுடையது அல்ல, என் மனைவியுடையது. பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஐம்பதாவது வயதில் முறையாகப் பயிற்சி எடுத்து, தார்ச் சாலையிலும் கல்லும் மண்ணும் கிடக்கும் மலைப்பாதையிலும் ஓடக்கூடிய டூயல் ஸ்போர்ட் வண்டி ஒன்றை வாங்கினாள். உயரமான, ஒல்லியான வண்டி. அவள் உயரம் ஐந்தடி ஓரங்குலம். கால் தரையில் படுவதற்காக, கேம்ப் கடைத்தெருவில் சீட் தைப்பவரிடம் கொடுத்து இருக்கையின் பஞ்சை ஒன்றரை அங்குலம் சீவ வேண்டியிருந்தது. எனக்கு ஸ்கூட்டருக்கு மேல் துணிவு வந்ததில்லை. கோர்படியில் ராணுவக் கிடங்கு ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போவேன். புறப்பட்ட நேரம், கிலோமீட்டர், டீ குடித்த இடம், வழியில் பூத்திருந்த மரம் எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்ததும் எழுதிவைப்பேன்.

தீபாவளி விடுமுறையில் கொங்கண் கடற்கரைக்கு மூன்று நாள் பயணம் என்று செப்டம்பரில் அவள் முடிவு செய்தாள். போர் என்ற ஊர் வழியாகப் போய், வரந்தா கணவாயில் இறங்கி, கடல் வரை. இரண்டு இரவு வெளியே தங்குவது அதுதான் முதல் தடவை. அங்கேதான் சிக்கல் வந்தது. இந்த வகை வண்டியில் சாமான் வைக்க இடமே கிடையாது. புகைக்குழாய் வலப்பக்கம் மேலே ஏறிப் போவதால் பக்கவாட்டில் பை தொங்கவிட முடியாது. மிச்சமிருப்பது பின்னிருக்கை. அதில் மூட்டையைக் கட்டலாம், அல்லது நான் உட்காரலாம். இரண்டுக்கும் இடமில்லை.

ஆக, மூன்று நாள் துணியும் மழைக்கோட்டும் பங்க்சர் சாமானும் டேங்க் மேல் ஏறிவிட்டால் நான் கடல் பார்ப்பேன். ஏறாவிட்டால் வானவடியில், எங்கள் மூன்றாவது மாடி வீட்டில் இருப்பேன். பை தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானாகவே ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

அவளுக்கு இதில் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. "பாத்துச் செய்யுங்க" என்றாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் காந்தப் பையா, பட்டை கட்டும் பையா என்ற கேள்வி. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த மாம்பழக் காந்தத்தை எடுத்துக்கொண்டு கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். டேங்கின் நடுவில் நாலு விரல் அகலத்துக்குத்தான் ஒட்டியது. மற்றபடி எல்லாம் இரும்பின் மேல் மூடிய பிளாஸ்டிக். காந்தம் வேண்டாம், பட்டைதான் என்று குறித்துக்கொண்டேன். அடுத்து அளவு. இணையத்தில் பார்த்த மூன்று பைகளின் நீள அகல உயரத்துக்கு, புத்தகம் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி மூன்று மாதிரிகள் செய்தேன். ஐந்து லிட்டர், பன்னிரண்டு லிட்டர், இருபத்திரண்டு லிட்டர். அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரங்களில் ஒவ்வொன்றாக டேங்க் மேல் வைத்து, நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, வயிற்றுக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். கிலோமீட்டர் முள் தெரிகிறதா, பெட்ரோல் மூடி திறக்கிறதா என்று பார்த்தேன். இருபத்திரண்டு லிட்டர் எல்லாவற்றிலும் தேறியது. எங்கள் இருவர் துணியும் அதில் அடங்கிவிடும். நாலு நாள் அளந்தும் அதே முடிவுதான்.

நானா பேட்டில் வரிசையாக வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும். அங்கே ஒரு சின்னக் கடையில் அந்தப் பை இருந்தது. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கலாம். நான் அளவுத் தாளை விரித்ததும் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"காடி கோண் சாலவதோ, காகா?"

வண்டியை ஓட்டுவது யார், சித்தப்பா என்கிறார். மனைவி என்றேன். புருவம் உயர்ந்தது. தாயியை, அதாவது அக்காவை, கூட்டிக்கொண்டு வாருங்கள், வண்டியில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்றார். எல்லாம் அளந்தாயிற்று என்று தாளைத் தட்டிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே பையைக் கட்டிக் கொடுத்தார். "டேக் மட்டும் கிழிக்காதீங்க காகா" என்று இந்தியில் சொன்னார். "வேண்டாம்னா ஒரு வாரத்துக்குள்ள மாத்திக்கலாம்."

மறுநாள் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு வெள்ளோட்டம். பைக்குள் துண்டுகளையும் பழைய செய்தித்தாள்களையும் அடைத்து, பட்டைகளை இழுத்துக் கட்டி, கீழே காத்திருந்தேன். அவள் ஹெல்மெட்டோடு வந்து, வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, என்னங்க இது? டேங்க் மேல பீரோவைக் கட்டி வெச்சிருக்கீங்க."

"உக்காந்து பாரு. அளந்துதான் வாங்கியிருக்கேன்."

ஏறி உட்கார்ந்தாள். பைக்கு மேலே ஹெல்மெட்டும் கண்ணும் மட்டும் தெரிந்தன. எனக்கும் அவளுக்கும் உள்ள உயர வித்தியாசம் என் கணக்கில் வரவேயில்லை. வண்டியைக் கிளப்பி, கட்டிடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போனாள். திரும்புவதற்காகக் கைப்பிடியை முழுக்க ஒடித்தபோது பையின் மூலை ஹார்ன் பொத்தானில் போய் அழுந்தியது. நீளமாக ஒரு ஹார்ன். வெளியே போகிறாள் என்று நினைத்து வாட்ச்மேன் ஓடிவந்து கேட்டைத் திறந்தார். அவள் போகவில்லை. அவர் மூடினார். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் ஹார்ன், மறுபடியும் கேட். மூன்றாவது முறை அவர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மேடம், ஜானா ஹை யா நஹி?" என்று கத்தினார். போகிறீர்களா இல்லையா என்று கேட்பது நியாயம்தான். இரண்டாம் மாடி பால்கனியில் ஒருவர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அவள் என் முன்னால் வந்து நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள்.

"இதை யாரை உக்கார வெச்சு அளந்தீங்க?"

"என்னைத்தான்."

"நீங்க என்னைக்குங்க இந்த வண்டிய ஓட்டுனீங்க?"

வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அவள் அவலில் போஹா கிளறிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு லிட்டரை எடுத்தால் ஹார்னில் படாது, துணியைக் குறைத்துக்கொள்ளலாம், எனக்கு ஒரே சட்டை போதும் என்றேன். அவள் அடுப்பைத் தணித்தாள்.

"பெருசோ சின்னதோ, அது பிரச்சினை இல்லீங்க. கணவாய் எறக்கத்துல கொஞ்ச தூரம் ஜல்லி கெடக்குதுன்னு சொல்றாங்க. ஜல்லில ஃபுட்ரெஸ்ட் மேல எந்திரிச்சு நின்னு ஓட்டோணும். அப்பத்தான் வண்டி நம்ம சொன்னதக் கேக்கும். பின்னாடி ஆளிருந்தா நிக்க முடியறதில்லீங்க."

"நான் அவ்வளவு கனமா?"

"கனமெல்லாம் இல்ல. நான் எந்திரிச்சா நீங்க என் இடுப்பைப் புடிச்சு உக்கார வெச்சுப்போடறீங்க."

"பிடிக்காம எப்படி உட்காருறது?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"எவ்வளவு நாளா இது?"

"வண்டி வாங்குன நாள்ல இருந்து."

"ஏன் சொல்லல?"

அவள் தட்டில் போஹாவை வைத்து, எலுமிச்சை பிழிந்து, என் பக்கம் நகர்த்தினாள். "ஞாயித்துக்கெழமைன்னா ஆறு மணிக்கே சாக்ஸைப் போட்டுக்கிட்டு சோபால உக்காந்திருக்கறீங்க. ஒறம்பரை வீட்டுக்குக் கெளம்புன மாதிரி. உங்கள எப்படீங்க வேண்டாம்கறது? இந்த ஒரு தடவை நான் தனியாப் போய்ட்டு வர்றேன்."

நான் போஹாவைச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். ஆனால் நாட்குறிப்பில் அன்றைக்கும் மறுநாளுக்கும் வானிலை மட்டும்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் பழைய குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டேன். அவள் சொல்வது சரியா என்று பார்க்கத்தான். இரண்டு வருடத்தில் நாங்கள் போன எல்லாப் பயணங்களையும் படித்தேன். அவள் எழுந்து நின்று ஓட்டியதாக ஒரு வரிகூட இல்லை. முல்ஷி பக்கம் போன ஒரு மழைக்காலப் பயணத்தில் மட்டும் இப்படி எழுதியிருந்தேன்: "ஓடையில் தண்ணீர் அதிகம். என்னை இறங்கச் சொன்னாள். நான் நாற்பதடி நடைபாலத்தின் வழியாக நடந்து அக்கரை போய்ச் சேர்ந்தபோது அவள் ஏற்கெனவே வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். காரணம் தெரியவில்லை."

காரணம் தெரியவில்லை என்று என் கையெழுத்திலேயே இருந்தது. எத்தனையோ பயண நூல்களை அடிக்கோடிட்டுப் படித்தவன் நான். என் கண்ணெதிரே ஒருத்தி ஓடையைத் தாண்டியிருக்கிறாள், நான் பாலத்தின் நீளத்தை எழுதிவைத்திருக்கிறேன்.

அன்று மாலை அவள் பள்ளியிலிருந்து வந்ததும், சனிக்கிழமை பையை மாற்றிவிடலாம், நீயும் வா என்றேன். "செரி" என்றாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கடை. டேக் கிழியாமல் இருந்தது. கடைக்காரர் அவளைப் பார்த்ததும், "யா தாயி, யா" என்று வரவேற்று, வண்டியைக் கடை முன்னால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். இந்த முறை அளவு நாடா என் கையில் இருந்தது, இருக்கையில் அவள் இருந்தாள். ஐந்து லிட்டர் பையை வைத்து, உட்காரச் சொன்னேன். கைப்பிடியை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பச் சொன்னேன். பிறகு நிற்கச் சொன்னேன். நடுத்தெருவில், டெம்போக்களும் கைவண்டிகளும் ஒதுங்கிப் போக, அவள் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து, முழங்காலை லேசாக மடக்கி, முழங்கையை விரித்து நின்றாள். கூச்சப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. பையின் விளிம்புக்கும் அவள் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

"முன்னாடி சாஞ்சு பாரு" என்றேன். "எறக்கத்துல அப்படித்தானே நிப்பே?"

"எறக்கத்துல பின்னாடி தள்ளி நிக்கோணுங்க. ஏத்தத்துலதான் முன்னாடி."

அதையும் எழுதிக்கொண்டேன்.

கடைக்காரர் வண்டியை விடாமல் என்னைப் பார்த்து, "ஆதி ஹே கராய்ச ஹோத, காகா" என்றார். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும் என்கிறார். ஆமாம் என்றேன்.

அந்தச் சின்னப் பையில் என்ன வைப்பது என்பதை அவளே முடிவு செய்தாள். வண்டிக் காகிதங்கள், படிக்கும் கண்ணாடி, சார்ஜர், ஒரு பொட்டலம் சிக்கி என்ற கடலை மிட்டாய், முகம் துடைக்கத் துணி. பங்க்சர் சாமானை அங்கே வைத்தால் அவசரத்துக்கு உதவுமே என்றேன். விழுந்தால் நெஞ்சில் குத்தும், பின்னால் போகட்டும் என்றாள். பின்னால் என்றால் என் இருக்கையில். புறப்படும் காலையில் மூட்டையை அதில் நான்தான் கட்டினேன். கிடங்கு வேலையில் கற்றுக்கொண்ட முடிச்சு. இரண்டு முறை உலுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. அவள் புறப்பட்டபோது ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நான் சாக்ஸ் போட்டிருக்கவில்லை.

பத்து மணிக்குள் நாலு முறை கைபேசியை எடுத்துப் பார்த்தேன். பத்தேகாலுக்கு அவளே கூப்பிட்டாள். காற்றுச் சத்தம் பெரிதாக இருந்தது.

"நின்னனுங்க."

"ஜல்லியிலயா?"

"ஜல்லி முடியற வரைக்கும். ஒரு எடத்துல பின் சக்கரம் அக்கட்டால இழுத்துட்டுப் போச்சு. கையைத் தளத்தி உட்டேன், தானா வந்துருச்சு. உக்காரவே இல்லீங்க."

"எவ்வளவு நேரம் நின்னே?"

"மணியெல்லாம் பாக்கலீங்க" என்று சிரித்தாள். முல்ஷி ஓடைக்கரையில் கேட்ட அதே சிரிப்பு. இங்கே ஒரு டீக்கடை இருக்கிறது, டீ வருகிறது, வைக்கிறேன் என்றாள்.

நேரம் என்ற இடத்தைக் காலியாக விட்டு, அவள் சொன்னதைச் சொன்ன வரிசையில் எழுதினேன். நான் போகாத பயணம் ஒன்றை எழுதியது அதுதான் முதல் முறை. மூன்றாம் நாள் சாயங்காலம் செம்மண் படிந்த பூட்ஸோடு வந்து சேர்ந்து, மிச்சத்தையும் சொன்னாள். நாலு பக்கம் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவளே ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கெழமை சாஸ்வட் பக்கம் போலாமுங்களா? நல்ல தார் ரோடு."

"நானுமா?"

"பின்ன யாரு? ஆனா இடுப்பைப் புடிக்கக் கூடாது. சீட்டுக்குப் பின்னாடி கம்பி இருக்குது, அதைப் புடிங்க."

அந்த ஞாயிறு நாங்கள் புறப்பட்டது ஆறேமுக்காலுக்கு. இரண்டு கையாலும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆரம்பத்தில், பேருந்துக் கூரையில் ஏற்றிய பெட்டி மாதிரி இருந்தது. மலையேற்றத்துக்கு முன்னால் ஒரு பெரிய வேகத்தடை வந்தது. அதன் மேல் ஏறும்போது அவள் இருக்கையிலிருந்து மெதுவாக எழுந்தாள். நான் கம்பியை விடவில்லை.