நீக்கு என்றொரு பொத்தான்

போன கிழமை நெடுந்தீவுக்குப் போனேன். ஒரு வங்கிக்காகக் கொழும்பிலிருந்து வந்த ஆய்வுக்காரப் பிள்ளைக்கு வழிகாட்ட. பெயர் ஷாமினி. வியாபாரக் கணக்கு வைத்திருப்பவர்கள் இணைய வங்கியோடு எப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்று கேட்டறிந்து, அதை இலகுவாக்கப் போகிறார்களாம்.

நல்ல விஷயம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மேரி அக்காவிடம் அழைத்துப் போனேன். மீனவர்களிடம் நண்டு வாங்கி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறவர். அவருடைய கொம்பனிக்கு இரண்டு இயக்குநர்கள் — அவரும் கணவரும். கணவர் இப்போது கனடாவில்.

ஷாமினி முதலில் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டினார்.

"அது பிறகு. கேளும்" என்றார் அக்கா.

"கணக்கை நிர்வகிக்கிறது எவ்வளவு லேசு? ஒன்றிலிருந்து ஐந்துக்குள்ள சொல்லுங்க."

"பூச்சியம் இல்லையோ?"

"இல்ல அக்கா... ஒன்றிலிருந்துதான்."

அக்கா சிரிக்கவில்லை. அவரிடம் கணக்கெழுதியவர் மூன்று மாதத்துக்கு முன் விலகி, ஊர்காவற்றுறையில் இன்னொரு நண்டு வியாபாரியிடம் சேர்ந்துவிட்டார். வங்கிக் கணக்கைப் பார்க்கும் அனுமதி மட்டும் இன்னும் அவர் கையில்.

"நான் ஆருக்கு எவ்வளவு குடுக்கிறன் எண்டு அவர் அங்கை இருந்து பாக்கிறார். விடிஞ்சால் என்ரை ஆக்களுக்கு அங்கை கூடின விலை. நாலு வள்ளக்காரர் அவையளிட்டைப் போயிட்டினம்."

ஷாமினி உற்சாகமாகத் தன் மடிக்கணினியைத் திருப்பினார். புதிய திரை. "பாருங்க அக்கா, ஒருவரின்ட அனுமதியை எடுக்கிற 'நீக்கு' பொத்தானைப் பெரிசாக்கியிருக்கிறோம்!"

"பொத்தான் எனக்கு முந்தியே தெரிஞ்சது பிள்ளை. அமத்தினால் என்ன வருதெண்டு பாரும்."

அக்கா தன் போனில் அமத்திக் காட்டினார். வந்த வரி: இரு இயக்குநர்களும் கிளைக்கு நேரில் வந்து கையெழுத்திடவும்.

"கனடாவிலையிருந்து வரச் சொல்லுறியளோ?"

"நாங்க கேட்கத்தான் வந்தோம் அக்கா. மாத்துற அதிகாரம் எங்களிட்ட இல்ல."

அக்கா படிவத்தைத் திருப்பித் தள்ளினார். கையெழுத்திடாமலே.

"ஐயோ... கையெழுத்து இல்லாம நீங்க சொன்ன ஒரு சொல்லையும் நாங்க பாவிக்கேலாது."

"ஓம், வாசிச்சனான். அந்தக் கணக்கெழுதினவற்ரை பெயரை எடுத்துப்போட்டு வாரும். வைக்கிறன்."

படகுக்கு நேரமாகிவிட்டது. ஷாமினி குறிப்புக் கொப்பியை மூடினார். எழும்பும்போது நான் மெல்லக் கேட்டேன்: "அக்கா, இதை என்ரை பத்திரிகைப் பத்தியிலை எழுதட்டோ?"

"எழுதுங்கோ அண்ணை. நாலு பேர் வாசிக்கட்டும். உங்களிட்டைப் படிவம் இல்லைத்தானே?"

எழுதிவிட்டேன்.

இரண்டு கையெழுத்துக் கேட்டு அக்காவை மூன்று மாதம் காக்க வைத்த வங்கி, ஒரேயொரு கையெழுத்துக்காகக் கொஞ்சம் காத்திருந்தால் என்ன?