மூன்று புனிதர்களும் நாற்பது மிளகாய்க்கன்றும்

பாரிசில் ஸ்டாலின்கிராட் பக்கம் ரயில் பாதையோரம் இருந்த தோட்டத்தை விட்டு, நானும் மாமாவும் எங்கள் வீடு இருந்த லா சப்பலை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். மாமாவின் தோளில் வெறும் சாக்குகள் ஒரு கட்டு. மே மாத வெயில் முதுகில் இதமாக இருந்தது. எனக்குப் பத்து வயது.

மாமா, அம்மாவின் தம்பி. ஊரில் மிளகாய்த் தோட்டம் செய்தவர். அந்த எண்பதுகளில் பாரிசுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் உணவகங்களில் கோப்பை கழுவப் போனார்கள். "நான் தோட்டக்காரன். கண்டவன் திண்ட கோப்பையைத் தொடமாட்டன்" என்று இவர் மட்டும் வீம்பாக இருந்தார். பிற்காலத்தில் நான் நாலைந்து நகரங்களில் கோப்பை கழுவியிருக்கிறேன். கேவலம் ஒன்றுமில்லை, விரல்தான் ஊறிப்போகும்.

அப்பா ஒரு தவணை வைத்திருந்தார். கோடை முடிவதற்குள் மிளகாய் காய்த்துக் கடைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் மாமா கோப்பைக்குப் போகவேண்டும். ஒரு பிரெஞ்சுக் கிழவர் தன் தோட்டத்தில் பாதியை மாமாவுக்கு விட்டிருந்தார். ஜன்னலோரம் தயிர்க் கிண்ணங்களில் முளைக்கவைத்த நாற்பது கன்றுகளை மாமா அங்கே நட்டு, மாலையானதும் குளிருக்குச் சாக்குப் போட்டு மூடி வந்தார்.

அன்று கிழவர் தன் மகள் வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் சாக்குகளையும் மூன்று விரல்களையும் காட்டி என்னிடம் ஏதோ சொன்னார். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி எட்டு மாதம். வீட்டுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

எனக்கு விளங்கியவை சில சொற்கள். 'சன்' என்றால் புனிதர். 'கிளாஸ்' என்றால் ஐஸ்கிறீம். 'ஊவ்றே' என்றால் திறவுங்கள். வகுப்பில் புத்தகத்தைத் திறக்க ஆசிரியை சொல்வது அதுதான். ஐஸ்கிறீம் புனிதர்கள் என்று சொன்னால் குட்டு விழும் என்று பட்டது. அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

"மூண்டு புனிதர்மார் வருகினமாம், மாமா. மூண்டு நாளைக்குத் திறந்து விடட்டாம்."

மாமா கிழவரைப் பார்த்துக் கைகூப்பினார். சாக்குகள் வீட்டுக்கு வந்த காரணம் இதுதான்.

அம்மாவுக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. "ஊரிலை திருநாளுக்குத் தூக்கிற மாதிரித் தோட்டத்துக்கும் சுருவம் கொண்டு வருவினமோ?" என்று கேட்டு, ஒரு போத்தல் தீர்த்தமும் மெழுகுதிரியும் தந்துவிட்டார். மாலையில் மாமா திரும்பிப் போய்த் தீர்த்தத்தை ஒவ்வொரு இலையிலும் தெளித்தார். மெழுகுதிரியை ஒரு ஜாம் போத்தலில் வைத்துக் கொளுத்தி, ஓரத்துக் கன்றின் அடியில் விட்டார்.

விடிய அம்மாவோடு நாங்கள் மூவரும் போனபோது நிலம் வெள்ளையாகக் கிடந்தது. கன்றுகள் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின. தீர்த்தம் தெளித்த இலைகளில் ஐஸ் பிடித்திருந்தது. மெழுகுதிரிக்குப் பக்கத்துக் கன்று மட்டும் பச்சையாக நின்றது.

"பாத்தியே, புனிதர் வந்திட்டுத்தான் போயிருக்கினம்" என்றார் அம்மா.

"ஓம் அக்கா. ஒண்டை எங்களுக்கு விட்டிட்டு முப்பத்தொன்பதையும் திண்டிட்டினம்."

மதியம் கிழவர் வந்தார். மே மாதத்தில் மூன்று புனிதர்களின் நாட்கள் வரும், அவற்றோடு கடைசி உறைபனியும் வரும், அவர்களுக்குப் பெயரே பனிப் புனிதர்கள் என்று கையாலும் வாயாலும் விளக்கினார். பிறகு தன் கோட்டைக் கழற்றி, உயிரோடிருந்த கன்றின் மேல் போர்த்தி, ஒரு சொல்லை மெதுவாகச் சொன்னார். 'கூவ்றே.' மூடுங்கள். முன்னால் ஒரு 'க்' இருந்திருக்கிறது. மாமா என்னைப் பார்த்தார். நான் ரயிலைப் பார்த்தேன்.

வீட்டில் அப்பா கேட்டார். "கிழவன் முதலே சொல்லேல்லையோ?"

"சொன்னவர், அத்தான். பெடியன் சரியாத்தான் சொன்னவன். எனக்குத்தான் விளங்கேல்லை."

"உனக்கென்ன, தமிழும் மறந்துபோச்சோ?"

மாமா சிரித்தார். அவருக்கு மறதி, நான் தப்பிவிட்டேன் என்று எண்ணி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்துக்குக் கோப்பை கழுவப் புறப்பட்டார். ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்கை குசினி நல்ல சூடடா. அதுதான்."

அதையும் நம்பினேன்.