முட்டைப் போர்வைக்குள் சிவந்த சோறு

சோற்றில் தக்காளி சாஸைக் கொட்டிக் கிளறுவதை நினைத்தாலே எனக்கு வாயில் எச்சில் கசந்து ஊறும். மீன் தலையைப் பிளந்து செவுளைக் கையால் பிடுங்கிப் போடுகிறவள் நான். அருவருப்பு எனக்குச் சுலபத்தில் வராது. இதற்கு வந்தது.

அபிராமபுரத்தில் ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருஷமாகச் சமைக்கிறேன். குடிசைகளை இடித்து எங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்ட பிறகும் இரண்டு பஸ் மாறி வந்து அந்த அடுப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பெண் ஜப்பானில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு சிநேகிதிகளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அங்கே தின்ற முட்டைச் சோறுதான் போட வேண்டுமாம்.

"ஆயாவுக்கு அதெல்லாம் வராதுடி," என்றார்கள் வீட்டம்மா. "போன்ல புக் பண்ணா ஆள் வந்து செஞ்சு குடுக்குறாங்க. நல்லா இருந்தா அவங்களையே வெச்சுக்கலாம். ஆயாவும் எத்தனை நாளைக்கு பஸ்ஸுல இடிபட்டு வரும்?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"இன்னாமா, முட்டை ஒடைக்க ஒரு ஆளா? நான் செய்றேன்," என்றேன்.

பெண் போனில் படம் காட்டினாள். அந்தச் சோறு சூடாக இருக்கக்கூடாதாம். "இன்னைக்கு மிஞ்சுற சாதத்தை நாளைக்கு எடுத்து வைங்க ஆயா," என்று சனிக்கிழமை சொன்னாள். எடுத்து வைத்தேன். மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடித்தானே எனக்கு வழக்கம்? என் கை தானாக ஊற்றிவிட்டது.

மறுநாள் பானையைத் திறந்தவள் அலறினாள். "ஐயோ ஆயா, இது உதிரி உதிரியா இருக்கணும்! ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வீட்ல இருந்து கிளம்பிட்டாங்க!"

வீட்டம்மா வந்து பார்த்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்," என்றார்கள். அவ்வளவுதான். போனைக் கையில் எடுத்தார்கள்.

சோற்றைப் பிழிந்தேன். வேட்டித் துணியைத் தரையில் விரித்துப் பரப்பி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். அரை மணி நேரத்தில் ஓரளவு உதிர்ந்தது. வெண்ணெயில் வெங்காயத்தையும் கோழித் துண்டுகளையும் வதக்கி அந்தச் சோற்றைப் போட்டேன்.

பெண் முகர்ந்து பார்த்தாள். "லேசா புளிப்பு அடிக்குது ஆயா."

"உன் சாஸு மட்டும் இன்னா, சக்கரைப் பொங்கலா? ஊத்து."

ஊற்றினாள். நல்ல வெள்ளைச் சோறு, வெட்டுக்காயத்தில் கட்டின துணி மாதிரி சிவந்தது. இனிப்பும் புளிப்புமாய் ஒரு ஆவி முகத்தில் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளறினேன். கிண்ணத்தில் அமுக்கி ஐந்து தட்டுகளில் கவிழ்த்தேன்.

அடுத்தது முட்டை. முதல் முட்டையைப் பழக்கதோஷத்தில் மிளகு தூவித் திருப்பிப் போட்டு நன்றாக வேகவைத்துவிட்டேன். "வேகக்கூடாது ஆயா, உள்ள தளதளன்னு இருக்கணும்," என்றாள். வேகக்கூடாது என்று ஒரு சமையலா? இரண்டாவதைச் சின்ன தீயில் கலக்கிக்கொண்டே, வெளித்தோல் பிடித்ததும் தலையணை மாதிரி சுருட்டிச் சோற்றின் மேல் படுக்க வைத்தேன். அது ஆடியது. சளி பிடித்த குழந்தையின் மூக்கைத் துடைத்திருக்கிறேன். அப்போதுகூட எனக்கு இப்படிக் குமட்டியதில்லை.

ஐந்து தட்டுக்கும் அப்படியே செய்து மேசையில் வைத்ததும் பெண் கத்தியால் ஒன்றின் வயிற்றைக் கீறினாள். மஞ்சளாய்ப் பிளந்து இரண்டு பக்கமும் வழிந்து சோற்றை மூடியது. சிநேகிதிகள் கை தட்டினார்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஏய், இது ஜப்பான்ல சாப்ட்டதைவிட சூப்பர்டி," என்றாள் பெண். ஐந்து தட்டும் வழித்துக் காலியானது. கவுச்சி நாறிய அந்தத் தட்டுகளை நானே புளி போட்டுத் தேய்த்தேன்.

வீட்டம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். "ஆள் யாரும் வேணாம்னு சொல்லிட்டேன் ஆயா," என்றார்கள். "இனிமே ஞாயித்துக்கிழமைன்னா இதுதான் வேணுமாம் அவளுக்கு."

"செய்றேம்மா," என்றேன். "ஆனா கத்தி வைக்கறப்போ நான் அங்க நிக்க மாட்டேன்."

இப்போது வாரா வாரம் செய்கிறேன். அடுப்பு என்னுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.