நாலு மணி நேரத் தூரம்

மகளுக்கு அசாமில் திப்ருகரில் வேலை கிடைத்ததும் என் கணவர் செய்த முதல் காரியம், செல்பேசியில் தூரம் பார்த்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து அந்த ஊர் விமான நிலையத்துக்கு நாலு மணி நேரம் சொச்சம் என்று ஏதோ ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. அன்றிலிருந்து ஆரியசாலையில் எங்கள் மளிகைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். "நாலு மணிக்கூர். நம்ம பொன்முடி மலைக்குப் போய்ட்டு வாற நேரம், அவ்வளவுதான்."

அது வரைபடத்தில் கோடு போட்டு அளந்த கணக்கு, அப்படி நேரே பறக்கிற விமானமே கிடையாது என்று மகள் சொல்லிப் பார்த்தாள். காதில் ஏறவில்லை. மல்லி மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் தெருவையே கூட்டுகிற மனுஷர், இதை மட்டும் நிறுத்துப் பார்க்க மறுத்தார். நானும் விட்டுவிட்டேன். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பிய தகப்பனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்தானே.

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை அவருடைய அண்ணன் இறந்துபோனார். பிள்ளையில்லாதவர், எங்கள் மகளைத் தோளில் போட்டு வளர்த்தவர். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "யாராவது வர இருக்கா? எப்போ எடுக்குது?" என்பதுதான். வீட்டுக்கு ஒருவர் வெளியூரில் இருப்பதால் விமானம் வருகிற நேரத்தை வைத்தே எடுக்கிற நேரம் முடிவாகும். இவர் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காலைல ஏறினா உச்சைக்கு வந்துருவா" என்று எல்லோரிடமும் சொல்லி, மின்மயானத்தில் மூன்று மணிக்குப் பதிந்துவிட்டார்.

உச்சி வேளையில் மகள் கல்கத்தாவில் இருந்தாள். அங்கிருந்து மாலையில் பெங்களூர், பிறகு இன்னொரு விமானம். "நாளைக்குக் காலைலதாம்மா வர முடியும். அதுவரைக்கும் வெச்சிருப்பீங்களா?" என்று போனில் கேட்டாள். மயானத்தில் மறுநாள் நேரம் ஒழியவில்லை. ராத்திரி தாண்டி வைக்க வேண்டாம் என்று மூத்தவர்களும் சொல்லிவிட்டார்கள். குறித்த நேரத்துக்கே எடுத்தார்கள். அதற்கு முன் செல்பேசியில் முகத்தைக் காட்டட்டுமா என்று மகளிடம் கேட்டேன்.

"வேண்டாம்மா. போன வாரம் போன்ல பெரியப்பா சிரிச்சாரு. அது போதும்" என்றாள்.

மறுநாள் வந்தவள் பெரியப்பாவின் வெறும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதும் நாற்காலி எடுத்துப் போடுவதுமாக, அவள் இருந்த பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

காரியம் முடிந்து மகளை விமானம் ஏற்றிவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது, வெளியே பார்த்தபடி சொன்னார்:

"எனக்கு வல்லதும் ஆச்சுன்னா அவளுக்காக வெச்சிட்டு இருக்கண்டாம், கேட்டியா. அன்னைக்கே எடுத்துரணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ நான் முந்திப் போனா?"

சிக்னலில் நின்ற ஆட்டோ மறுபடியும் கிளம்பும்போது சொன்னார்:

"அவ வாற வரைக்கும் எடுக்க விடமாட்டேன். உன்னை அனுப்பிட்டு, அவ வந்து சேருற வரைக்கும் அந்த வீட்ல நான் ஒத்தைக்கு இருக்கணுமே."