அடைப்புக்குறிக்குள் மீன்

இன்று காலை கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் ஓர் அல்ஜீப்ரா தகராறு.

எங்கள் ஃபிட்டர் மணிக்கு நாளை எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. மூன்றாம் முறை. பாஸானால்தான் உத்தியோக உயர்வு.

என்ஜின் கரி படிந்த மரப்பலகையில் சாக்பீஸால் 4(x+2)=20 என்று எழுதி, நாலால் x-ஐ மட்டும் பெருக்கி, விடை நாலரை என்றான்.

தினமும் இதே வண்டியில் வேலைக்குப் போகும் நாங்கள் நாலு பேரும் டிபனை ஒன்றாகப் போட்டுச் சாப்பிடுகிறவர்கள். அதை வைத்தே விளக்கினேன்.

“ஆளுக்கு எக்ஸ் இட்லி, ரெண்டு துண்டு மீன். மொத்தம் இருபது. உன் கணக்குல நாலு பேருக்கும் சேர்த்து ரெண்டே மீன்தான்.”

மணி பதறிப்போனான். “இன்னா அநியாயம்பா! ஆளுக்கு ரெண்டுன்னா எட்டு மீனு. மீதி பன்னெண்டு இட்லி. ஆளுக்கு மூணு!”

கைதட்டப் போனேன். எதிரே இருந்த வெல்டர் துளசி குறுக்கிட்டார்.

“நைனா, இன்னிக்கு கிருத்திகை. நான் விரதம் இருந்துகினு மீனு துன்னுவேனா? மீனுக்கு என்னை உட்டுட்டு பெருக்கு.”

மணி அழித்துவிட்டு மறுபடி போட்டான். “ஆறு மீனு போனா பதினாலு இட்லி. ஆளுக்கு மூணரை.”

“இப்பதான் கரெக்டு” என்றார் துளசி.

அதற்குப்பின் நான் எவ்வளவு சொல்லியும் மணி மூன்றரையை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரைத்தான் பார்த்தேன். நாளைக்குக் கிருத்திகை இல்லை. வேறு ஏதாவது விரதம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.